பில்ட்-இன் ஓவன் தகராறு செய்கிறதா? பெங்களூரு கிச்சனில் அறிகுறியைப் பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

கிச்சனை இடித்து மாடுலர் போட்ட வீடுகளில் ஓவனைப் பற்றி வரும் புகார்கள் பலவற்றில் ஓவனின் குற்றமே இல்லை. டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) இறுக்காமல் விட்ட ஒரு ஸ்க்ரூ, கார்பெண்டர் அடித்த ஆணியில் நசுங்கிய வயர், எர்த் வராத பிளக் பாயின்ட் என்று கோளாறு சுவர்ப் பக்கத்தில்தான் இருக்கும். கம்பெனி மெக்கானிக் வந்து ஓவனைக் கழற்றிப் பார்த்து, 'மெஷின் நல்லா இருக்கு, உங்க லைன் சரியில்ல' என்று எழுதிவிட்டு விசிட் சார்ஜ் வாங்கிப் போவதும் இதனால்தான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் செலவில்லாத காரணம், பிறகு சுவர், கடைசியாக ஓவன் என்ற வரிசையில் போகிறோம்.

கை வைக்கும் முன்

வீட்டுக்காரர் செய்யக்கூடியவை: பார்ப்பது, முகர்வது, ஸ்விட்சையும் எம்சிபியையும் (சுமை மீறினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக விழும் ஸ்விட்ச்) போட்டு அணைப்பது, பிளக்கைப் பிடுங்குவது, ஓவனின் செட்டிங்கை மாற்றுவது. சுவர் பாக்ஸையோ டிபி பாக்ஸையோ ஓவனின் பின்மூடியையோ திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை. கர்நாடக மின் ஆய்வுத் துறை தரும் பெர்மிட் வைத்திருப்பவராகப் பார்த்துக் கூப்பிடுங்கள். கீழே மல்டிமீட்டர் அளவுகள் வரும் இடமெல்லாம் அவர் எடுக்க வேண்டியவை. பக்கத்தில் நின்று எண்ணை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

டெஸ்டர் எரியவில்லை என்பதால் லைனில் கரண்ட் இல்லை என்று ஆகிவிடாது. காய்ந்த செருப்போடு மர ஸ்டூலில் நின்றால் நியான் டெஸ்டர் சரியாக எரியாது. கரண்ட் இருப்பது தெரிந்த ஒரு பாயின்ட்டில் முதலில் வைத்துப் பார்த்துவிட்டு, அதன்பின் சந்தேகப் பாயின்ட்டில் வைக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க: சரியான லைன் என்றால் இது

ஓவன் கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில் ஒரு தகடு இருக்கும். அதில் வாட் போட்டிருக்கும். பில்ட்-இன் ஓவன்கள் பெரும்பாலும் 2,500 முதல் 3,600 வாட்டுக்குள் வரும். 230 வோல்ட்டில் 3,300 வாட் என்றால் 14.3 ஆம்பியர், 3,600 என்றால் 15.7. மேஜைமேல் வைக்கும் ஓடிஜி (சின்ன டோஸ்டர் ஓவன்) பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இழுக்கும். 'ஓடிஜி ஓடின பாயின்ட்தானே' என்று அதிலேயே பில்ட்-இன் ஓவனை மாட்டுவதில்தான் முக்கால்வாசித் தொல்லை தொடங்குகிறது.

டிபி பாக்ஸிலிருந்து ஓவனுக்கென்று தனி லைன் வர வேண்டும். நடுவில் ஜாயின்ட் கூடாது. 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், ஐஎஸ்ஐ முத்திரையோடு, ஐஎஸ் 694 என்று அச்சிட்டது. ஃபேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் (அது திரும்பும் வயர்), எர்த் (கசிவைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர்) மூன்றும் ஒரே பைப்பில். 20 ஆம்பியர் எம்சிபி, அதற்கு முன்னால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்ச்). இரண்டையும் ஒன்றாக்கி ஆர்சிபிஓ போட்டால் இன்னும் நல்லது. காரணம் கீழே வரும். 3,000 வாட்டுக்கு மேல் போகும் ஓவனுக்குச் சாதாரண 16 ஆம்பியர் மாடுலர் பாயின்ட்டை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. ஏசிக்குப் போடும் 20 ஆம்பியர் மெட்டல் பிளக் பாக்ஸ், அல்லது பிளக்கே இல்லாமல் 20 ஆம்பியர் டபுள் போல் ஸ்விட்ச் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது) வழியாக நேர் இணைப்பு. ஓவனோடு வந்த கையேடு எதைக் கேட்கிறதோ அதற்கே முதலிடம்.

பாயின்ட் ஓவனுக்கு நேர் பின்னால் இருக்கக் கூடாது. பக்கத்துக் கேபினட்டுக்குள் இருக்கட்டும். ஸ்விட்ச் கை எட்டும் இடத்தில், சிங்க்கிலிருந்து தள்ளி இருக்கட்டும். பின்னால் வைத்தால் ஓவன் முழுதாக உள்ளே போகாது. தீப்பிடித்தால் பிடுங்கவும் முடியாது.

அறிகுறி: ஓவனில் ஒன்றுமே எரியவில்லை

பாயின்ட்டின் ஸ்விட்சையும் டிபியில் ஓவன் எம்சிபியையும் பாருங்கள். எம்சிபி நெம்புகோல் சில சமயம் பாதியில் நிற்கும். முழுதாகக் கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்ற வேண்டும். அடுத்து, அதே பாயின்ட்டில் மிக்ஸி மாதிரி ஒன்றை மாட்டிப் பாருங்கள். 16 ஆம்பியர் பாயின்ட்டில் மேலே சின்ன துளைகளும் உண்டு என்பதால் இது பெரும்பாலான இடங்களில் முடியும்.

மிக்ஸி ஓடினால் லைன் உயிரோடு இருக்கிறது. ஓவனின் கார்டு, பிளக், உள் ஃபியூஸ் என்று போக வேண்டும். ஓவன் வைக்கும்போது கேபினட்டுக்கும் ஓவனுக்கும் நடுவில் கார்டு சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மிக்ஸியும் ஓடவில்லை என்றால், சுவருக்குள் வயர் அறுந்திருக்கலாம். டைல்ஸ் ஒட்டும் முன் பைப்புக்குள் இழுத்த வயரை, சிம்னிக்கோ சுவர் கேபினட்டுக்கோ துளை போடும் டிரில் கிழித்திருக்கும். பாயின்ட்டிலிருந்து நேர் மேலேயும் நேர் பக்கத்திலும் புதிய துளைகள் இருந்தால் அந்த இடம்தான். இனி எலக்ட்ரீஷியன்.

அறிகுறி: விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை

இதில் பெரும்பாலும் கடிகாரம்தான் காரணம். டிஜிட்டல் டைமர் வைத்த பல ஓவன்கள், கரண்ட் போய் வந்ததும் நேரம் செட் செய்யாதவரை சூடாகவே மாட்டா. 12:00 அல்லது 0:00 என்று மின்னிக்கொண்டிருக்கும். அல்லது 'ஆட்டோ' என்ற எழுத்து நிற்கும். நேரத்தை வைத்து, மேனுவல் பட்டனை அழுத்தினால் தீர்ந்தது. கரண்ட் அடிக்கடி போய் வரும் ஏரியாவில் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைப்பது நல்லது.

கடிகாரம் சரியாக இருந்தால்: சைல்டு லாக் (சாவிப் படம் தெரியும்), ஷோரூமில் காட்டுவதற்கான டெமோ மோட் (எல்லாம் ஓடும், சூடு மட்டும் வராது), டீஃப்ராஸ்ட் செட்டிங் (அதில் ஃபேன் மட்டும்தான் ஓடும்). பிறகு எலிமென்ட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். கீழ்ச்சூடு மட்டும் வைத்து ஐந்து நிமிடம், கிரில் மட்டும் வைத்து ஐந்து நிமிடம், ஃபேனோடு சேர்ந்த சூடு ஐந்து நிமிடம். ஒன்றில் மட்டும் சூடு இல்லையென்றால் அந்த எலிமென்ட் போய்விட்டது. மெக்கானிக் வைத்துப் பார்க்கும் அளவு: 2,000 வாட் எலிமென்ட் சுமார் 26 ஓம் காட்டும், அறுந்ததில் அளவே கிடைக்காது. மூன்றிலும் சூடு இல்லையென்றால் தெர்மோஸ்டாட், பாதுகாப்பு கட்-அவுட் (சூடு மீறினால் கரண்டை வெட்டுவது), கண்ட்ரோல் போர்டு. போர்டுதான் மூன்றிலும் விலை கூடியது. கட்-அவுட்டைப் பார்க்காமல் போர்டு மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: எம்சிபி விழுகிறது

எப்போது விழுகிறது என்பதை வைத்தே வழி இரண்டாகப் பிரியும்.

*போட்ட நொடியில் படாரென்று விழுந்தால்* அது ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எம்சிபியை ஏற்றுங்கள். அப்போதும் விழுந்தால் சுவருக்குள் வயர் நசுங்கியிருக்கிறது. விழாமல் நின்றால் ஓவன் அல்லது அதன் கார்டு. இரண்டு முறைக்கு மேல் ஏற்றிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அந்த நசுங்கிய இடத்தில் தீப்பொறி பறக்கும்.

*இருபது முப்பது நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால்* அது சுமை அல்லது சூடு. முதல் கேள்வி: அதே எம்சிபியில் வேறென்ன இருக்கிறது? எம்சிபியை அணைத்துவிட்டு வீட்டைச் சுற்றி வந்து எதெல்லாம் நின்றது என்று பாருங்கள். பழைய கிச்சனில் ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஒரே லைனில் கோர்த்திருப்பார்கள். ஓவன் 14 ஆம்பியர், கெட்டில் 8 ஆம்பியர் சேர்ந்தால் 22. 16 ஆம்பியர் எம்சிபி 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் விழாமல் நிற்கலாம். 23 ஆம்பியர் போனால் ஒரு மணிக்குள் விழும். நடுவில் உள்ள அளவுகளில் ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. 'எப்பவாவதுதான் விழுது' என்ற புகாரின் விளக்கம் இதுதான்.

தனி லைனாக இருந்தும் விழுகிறது என்றால், எம்சிபியின் அடி ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். அந்த ஸ்க்ரூவில் பிறக்கும் சூடு எம்சிபிக்குள் ஏறி, சுமை மீறாமலே அதை விழ வைக்கும். ஓவனை அரை மணி ஓட்டிவிட்டு, டிபி மூடியைத் திறக்காமல், ஓவன் எம்சிபியின் முகத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்து எம்சிபிகளைவிட நன்றாகச் சுட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம். மெயினை அணைத்து, வயர் முனையைப் புதிதாகச் சீவி, இறுக்கினால் போதும். எம்சிபி உள்ளே கருகியிருந்தால் மாற்ற வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது: 16 விழுகிறதே என்று 25 அல்லது 32 ஆம்பியர் எம்சிபி போடுவது. எம்சிபி காப்பது ஓவனை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. 2.5 ஸ்கொயர் எம்எம் வயரில் 32 போட்டால் எம்சிபி விழாமல் நிற்கும், வயரின் உறை பைப்புக்குள் உருகும். பெரிய எம்சிபி வேண்டுமென்றால் முதலில் பெரிய வயர் இழுக்க வேண்டும். 'வயர் அப்புறம் பார்த்துக்கலாம் சார்' என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

அறிகுறி: ஆர்சிசிபி விழுகிறது, வீடு முழுக்க இருட்டாகிறது

மழை மாதங்களில் இது அதிகம். கிச்சன் வேலை இழுத்துக்கொண்டே போகும். ஓவன் அட்டைப் பெட்டியிலேயே இரண்டு மூன்று மாதம் கிடக்கும். எலிமென்ட்டுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சூடாக்கியதும் அந்த ஈரம் வழியாக ஓவனின் உலோக உடம்புக்குக் கரண்ட் கசியும். நல்ல ஓவன் 5 மில்லிஆம்பியருக்குள் கசியும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15-லிருந்து 30-க்குள் எங்கேயும் விழலாம்.

பிரித்துப் பார்க்கும் முறை இப்படி. பாயின்ட் ஸ்விட்சை அணைத்தும் விழுகிறதா? ஸ்விட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே ஓவனோடு இருக்கும். ஆகவே ஸ்விட்ச் அணைந்திருக்கிறது என்பதை வைத்து ஓவன்மேல் தப்பில்லை என்று முடிவு செய்ய முடியாது. பிளக்கையே பிடுங்குங்கள். பிடுங்கியும் விழுந்தால் சுவர் லைன். பிடுங்கினால் விழாமல் நிற்கிறது என்றால் ஓவன். அதன் பிறகு மேலே சொன்ன மாதிரி எலிமென்ட்டுகளைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால், எதில் விழுகிறதோ அதுதான் கசிகிறது.

சில நிமிடம் ஓடிவிட்டு விழும் அளவுக்கே கசிவு என்றால், 100 டிகிரியில் வைத்து ஓடும்வரை ஓடவிடலாம். பல சமயம் ஈரம் வெளியேறி இரண்டு மூன்று முறையில் சரியாகும். போட்டதுமே விழுந்தால் அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் ஓவனைப் பிடுங்கி, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, ஓவன் உடம்புக்கு எதிராக 500 வோல்ட் மெகரில் (கசிவுக்கு எதிரான தடையை அளக்கும் மீட்டர்) பார்க்க வேண்டும். அப்படிச் சேர்க்காமல் மெகர் வைத்தால் கண்ட்ரோல் போர்டு போய்விடும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எலிமென்ட்டைக் கழற்றி உலர்த்த வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். எர்த் வயரைக் கழற்றிவிட்டு 'இப்போ விழாது' என்று காட்டும் ஆளை உடனே வெளியே அனுப்புங்கள். கசிவு அப்படியேதான் இருக்கும். இனி அது போகும் வழி ஓவனைத் தொடும் ஆளின் உடம்பு.

ஓவனும் நல்லது, லைனும் நல்லது, ஆனாலும் விழுகிறது என்றால் நியூட்ரலைச் சந்தேகப்பட வேண்டும். கிச்சன் மாற்றும்போது ஃபேஸைப் புது லைனிலிருந்தும் நியூட்ரலைப் பக்கத்து ஸ்விட்ச்போர்டிலிருந்தும் எடுத்திருப்பார்கள். அந்த நியூட்ரல் வேறொரு ஆர்சிசிபியைச் சேர்ந்தது அல்லது யுபிஎஸ் லைனுடையது என்றால், ஓவன் இழுக்கும் 14 ஆம்பியரும் ஆர்சிசிபி கணக்கில் கசிவாகத் தெரியும்; போட்ட நொடியில் விழும். எலிமென்ட் எதைப் போட்டாலும் ஒரே மாதிரி விழுவது இதன் அடையாளம். திருத்துவது அரை மணி வேலை. அதைக் கண்டுபிடிக்காமல் ஓவனின் எலிமென்ட்டை மாற்றிய வீடுகள் உண்டு.

வீடு முழுவதற்கும் ஒரே ஆர்சிசிபி இருந்தால் இன்னொரு சங்கடம்: கம்ப்யூட்டர், எல்இடி டிரைவர், வாஷிங் மெஷின் ஒவ்வொன்றும் கொஞ்சம் கசியும், ஓவன் சேர்ந்ததும் எல்லை தாண்டும். ஓவனுக்குத் தனி ஆர்சிபிஓ போட்டால் ஓவன் தனியாக விழும், குழந்தை படிக்கும் அறையில் விளக்கு நிற்காது.

அறிகுறி: பிளக் சுடுகிறது, பாயின்ட் பழுப்பாகிறது, பிளாஸ்டிக் கருகும் வாடை

ஓவனை உடனே அணைத்து, எம்சிபியையும் இறக்குங்கள். சுடும் பிளக்கை இழுக்காதீர்கள், ஆறட்டும். தீ பிடிப்பது இங்கேதான்.

கணக்கு எளிது. ஒரு ஸ்க்ரூ தளர்ந்து அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்தால், 15 ஆம்பியரில் அங்கே 112 வாட் சூடு பிறக்கும். பாயின்ட் பாக்ஸுக்குள் பழைய 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு மூடிவைத்த மாதிரி. மிக்ஸிக்கு இதே ஸ்க்ரூ பிரச்சினையே தராது, ஏனென்றால் அது இழுப்பது 3 ஆம்பியர், ஓடுவது இரண்டு நிமிடம். ஓவன் ஒரு மணி நேரம் விடாமல் இழுக்கும்.

முதல் காரணம், பிளக்கே பொருந்தாதது. ஐரோப்பாவிலிருந்து வரும் சில ஓவன்களில் உருண்டையான இரண்டு முள் பிளக் இருக்கும், எர்த் அதன் பக்கவாட்டு உலோகப் பட்டையில். அது நம் ஊர் 6 ஆம்பியர் துளையில் தொளதொளவென்று நுழைந்துவிடும். முள் தொடுவதோ பாதி. எர்த் எங்கேயும் தொடாது. கன்வெர்ட்டர் பிளக் போட்டாலும் தொடர்பு ஒன்று கூடுமே தவிர இறுகாது. கார்டின் முனையை வெட்டி, சரியான பிளக் அல்லது நேர் இணைப்பு போட வேண்டும். வாரண்டி இருந்தால் கம்பெனி ஆளைக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓவனை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

இரண்டாவது, பிளக்குக்குள் கார்டு மாட்டிய விதம். கார்டில் மெல்லிய இழைகள் நிறைய. நான்கைந்து இழைகள் ஸ்க்ரூவுக்கு வெளியே நின்றாலே சூடு கூடும். பின் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோக முனை) போட்டு, அதை நசுக்கி கிரிம்ப் செய்து இறுக்க வேண்டும். ஈயம் பற்றவைத்து ஸ்க்ரூவில் மாட்டுவது நல்ல வேலை போலத் தெரியும்; சூட்டில் ஈயம் நெகிழ்ந்து சில மாதத்தில் ஸ்க்ரூ தளர்ந்துவிடும்.

இங்கே நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓவன் கார்டில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். நம் வீட்டுச் சுவரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்று ஃபேஸ் வந்த வீட்டில் கிச்சனுக்கு நீல ஃபேஸ் ஒதுக்கியிருந்தால், 'நீலத்தோடு நீலம்' என்று சேர்த்துவிடும் ஆபத்து உண்டு. ஓவன் அப்போதும் ஓடும். ஆனால் ஓவனின் சொந்த ஸ்விட்ச் வெட்டுவது நியூட்ரலை. அணைத்த ஓவனுக்குள் ஃபேஸ் நிற்கும்.

மூன்றாவது, பாயின்ட்டே தேய்ந்தது. பிளக்கைச் செருகினால் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். தானாகச் சரிந்தால் மாற்றுங்கள். ஒருமுறை பழுப்பேறிய பாயின்ட்டும் பிளக்கும் ஜோடியாகவே மாற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். கருகிய வயர் முனையை, செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வெட்டித் தள்ள வேண்டும். நீளம் போதவில்லை என்று அங்கே ஜாயின்ட் போட்டு டேப் சுற்றினால் அடுத்த கருகல் அந்த ஜாயின்ட்டில். புது வயர் இழுப்பதுதான் வழி. சிக்பேட்டையிலோ எஸ்.பி. ரோட்டிலோ வாங்கும்போது உறையில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

நான்காவது, செலவு கூடியது: பழைய வீட்டின் அலுமினிய வயர். எழுபது, எண்பதுகளில் கட்டிய வீடுகளில் இது இன்னும் இருக்கிறது. அலுமினியமும் காப்பரும் நேராகச் சேரும் முனை நாளடைவில் தளர்ந்து சுடும். அந்த வீட்டில் ஓவனுக்கு டிபியிலிருந்தே புது காப்பர் லைன் இழுக்காமல் ஓவன் வைக்க வேண்டாம்.

சரியாக்கிய பிறகு ஒரு சோதனை: பாயின்ட்டில் வோல்ட்டேஜை ஓவன் அணைந்திருக்கும்போதும், முழுச் சூட்டில் ஓடும்போதும் எடுக்கச் சொல்லுங்கள். டிபியிலும் அதே போல. 15 மீட்டர் 4 ஸ்கொயர் எம்எம் லைனில் 15 ஆம்பியருக்கு 2 வோல்ட் சுமார் இறங்கும், அது நியாயம். டிபியில் இறங்காமல் பாயின்ட்டில் மட்டும் 7, 8 வோல்ட் இறங்கினால் வழியில் இன்னொரு தளர்ந்த ஸ்க்ரூ பாக்கி இருக்கிறது.

அறிகுறி: ஓவனைத் தொட்டால் சுருக்கென்கிறது

ஒரு கையில் ஓவன் கைப்பிடி, இன்னொரு கையில் சிங்க் குழாய், இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கும்போது தெரியும். லேசாகத்தானே என்று விடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சரியாகும்வரை மாட்டாதீர்கள்.

எலக்ட்ரீஷியன் பாயின்ட்டில் மூன்று அளவு எடுக்க வேண்டும். ஃபேஸ்-நியூட்ரல்: 230 சுமார். ஃபேஸ்-எர்த்: அதே அளவு. நியூட்ரல்-எர்த்: இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸ்-எர்த் 230-க்குப் பதில் எதேதோ குறைவாக ஆடிக்கொண்டிருந்தால் எர்த் வயர் எங்கேயோ தொங்குகிறது. கிச்சன் வேலையில் பாயின்ட்டை நகர்த்தியபோது பச்சை வயரை நீட்டாமல் விட்டுவிட்டார்கள் என்பதுதான் வழக்கமான காரணம். பிறகு, ஓவனை மாட்டி, வெளி எர்த்துக்கும் ஓவன் உடம்புக்கும் நடுவில் பார்க்கட்டும். 100, 120 வோல்ட் போலக் காட்டினால், ஓவன் நல்லது, எர்த் மட்டும் இல்லை. ஓவனுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் வழியாகக் கசியும் சிறு கரண்ட் அது. 230-ஐ ஒட்டிக் காட்டினால் ஓவனுக்குள் ஃபேஸ் உடம்பைத் தொடுகிறது. எர்த்தும் போய், ஓவனும் போன வீடு அது.

ஆர்சிசிபி இல்லாத பழைய வீட்டில் இன்னொரு ஏமாற்று வேலையும் நடக்கும். எர்த் வரவில்லை என்று பாயின்ட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும். ஓவன் முழுச் சூட்டில் ஓடும்போதும் நியூட்ரல்-எர்த் துல்லியமாக 0 வோல்ட்டே காட்டினால் சந்தேகப்படுங்கள். உண்மையான எர்த் என்றால் சுமையில் கொஞ்சமாவது ஏறும். நியூட்ரல் என்றைக்காவது அறுந்தால் அந்தத் துண்டு வயர் ஓவன் கைப்பிடிக்கு 230 வோல்ட்டைக் கொண்டுவந்துவிடும். அதை எடுத்துவிட்டு, எர்த் பிட் (மண்ணில் எர்த் பைப் புதைத்த குழி) வரை தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். பிட் காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஊற்றுவது தற்காலிகம்தான், பழைய பைப் துருப்பிடித்திருந்தால் புது பிட். அல்சூர், ஸ்ரீராம்புரம் மாதிரி நெருக்கமான பழைய தெருக்களில் பிட் போட மண் தரையே இல்லாத வீடுகள் உண்டு. கான்ட்ராக்டரிடம் முதலிலேயே இடத்தைக் காட்டிப் பேசிவிட்டு அப்புறம் ஓவன் வாங்குங்கள்.

அறிகுறி: சூடு ஏற நேரமாகிறது, கேக் நடுவில் வேகவில்லை

கதவு ரப்பர் கிழிந்திருக்கிறதா, கதவு முழுதாகச் சேர்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத் தட்டில் வையுங்கள். 180 டிகிரி வைத்தால் பத்து பதினைந்து நிமிடத்தில் எட்ட வேண்டும். அதன்பின் மேலும் கீழும் பத்து டிகிரி ஆடுவது இயல்பு. நேரம் மட்டும் அதிகம், கடைசியில் 180 எட்டுகிறது என்றால் வோல்ட்டேஜ் குறைவு. 200 வோல்ட்டில் 3,000 வாட் ஓவன் 2,270 வாட்தான் தரும். வோல்ட்டேஜ் 13 சதவீதம் குறைந்தால் சூடு கால்வாசி குறைகிறது. எவ்வளவு நேரம் ஆனாலும் 180-க்கு வரவில்லை என்றால் ஒரு எலிமென்ட் அல்லது சென்சார்.

அறிகுறி: ஓவனைப் போட்டால் வீட்டு விளக்கு மாறுகிறது

லேசாக ஒரு கணம் மங்கினால் கவலை இல்லை. நன்றாக மங்கி, ஓவன் நிற்கும்வரை மங்கலாகவே இருந்தால், மெயின் ஸ்விட்ச் அல்லது மீட்டர் பக்கம் தளர்ந்த இணைப்பு. மூன்று ஃபேஸ் வீட்டில் ஓவன் போட்டதும் வேறு அறையின் விளக்குகள் *பிரகாசமாக* எரிந்தால் அது நியூட்ரல் விடுபடும் அறிகுறி. முழுதாக விட்டால் 230-க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒன்றாகப் போகும். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மெயினை அணையுங்கள். கோளாறு மீட்டருக்கு முன்னால் என்றால் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமை 1912 எண்ணில் கூப்பிடுங்கள். பின்னால் என்றால் எலக்ட்ரீஷியன்.

அறிகுறி: ஜெனரேட்டர் வந்ததும் ஃபிளாட் முழுக்க அணைகிறது

ஒயிட்ஃபீல்ட், சர்ஜாபூர் ரோடு பக்கம் அடுக்ககங்களில் ஜெனரேட்டர் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் குறிப்பிட்ட அளவுதான் தரும். ஓவன் ஒன்றே அதைத் தாண்டிவிடும். கோளாறு இல்லை, கரண்ட் போனதும் ஓவனை அணைக்க வேண்டும், அவ்வளவுதான். தனி வீட்டில் யுபிஎஸ் இருந்தால், கரண்ட் போன பிறகும் ஓவன் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் யாரோ ஓவனை யுபிஎஸ் லைனில் மாட்டியிருக்கிறார்கள். உடனே பிரிக்க வேண்டும்.

பில்லில் உள்ள சாங்ஷன்டு லோடையும் (வீட்டுக்கு அனுமதித்த மின்சுமை) ஒருமுறை பாருங்கள். 3 கிலோவாட் வாங்கிய வீட்டில் 3.3 கிலோவாட் ஓவன், 2 கிலோவாட் கீசர், 2 கிலோவாட் இண்டக்ஷன் சேர்ந்தால் லோடு கூட்ட பெஸ்காமில் விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரே செய்து தருவார்.

அறிகுறி: பாதியில் தானாக அணைகிறது, கேபினட் சுடுகிறது

காற்று போக வழி இல்லை. கார்பெண்டர் டால் யூனிட்டின் (ஓவன் வைக்கும் உயரமான அலமாரி) பின்பலகையை முழுதாக அடைத்திருப்பார். பெரும்பாலான ஓவன்களுக்குத் திறப்பு 560 மி.மீ. அகலம், ஆழம் குறைந்தது 550. பின்புறம் திறந்திருக்க வேண்டும், கீழிருந்து காற்று ஏறி மேலே வெளியேற இடைவெளி வேண்டும். சரியான அளவு ஓவன் கையேட்டின் படத்தில் இருக்கும். பலகை வெட்டும் முன் அந்தப் பக்கத்தைக் கார்பெண்டர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். ஓவன் அணைத்த பிறகும் குளிர்விக்கும் ஃபேன் ஓடுவது இயல்பு, அப்போது மெயினை அணைக்காதீர்கள். அந்த ஃபேன் ஓடவே இல்லையென்றால் அதை மாற்றும்வரை ஓவனைப் போட வேண்டாம். கார்டு ஓவனின் பின்முதுகைத் தொட்டு உரசுகிறதா என்பதையும் இதே நேரத்தில் பாருங்கள்.

அறிகுறி: முதல் நாள் புகையும் வாடையும்

உள்ளே பூசிய எண்ணெய்ப்பூச்சு எரிகிறது. பாக்கிங், தட்டுகள், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, வெறும் ஓவனை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வாடை ஓவன் கதவிலிருந்து வந்தால் சரி. பக்கத்துக் கேபினட்டைத் திறந்தால் அங்கிருந்து வருகிறது என்றால் அது பிளக். மேலே போய் அந்தப் பகுதியைப் பாருங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

ஓவன் லைனின் மெகர் அளவு, பாயின்ட்டின் மூன்று வோல்ட்டேஜ் அளவுகள், ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுவதைக் கண்ணால் பார்ப்பது. பிறகு ஓவனை 200 டிகிரியில் அரை மணி ஓடவிட்டு, டாங் டெஸ்டரில் (வயரைக் கவ்விப் பிடித்து அளக்கும் மீட்டர்) ஆம்பியரை எடுத்து, தகட்டில் உள்ள வாட்டோடு ஒத்துப்போகிறதா பார்க்கச் சொல்லுங்கள். அதே சூட்டில் பிளக்கையும் எம்சிபியையும் நீங்களே புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு வரை பரவாயில்லை, கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் வேலை முடியவில்லை. டைல்ஸ் ஒட்டும் முன்பாக இருந்தால், பைப் போன வழியை அளவு டேப் வைத்து போட்டோ எடுத்து, டிபி மூடியின் உட்புறம் ஒரு பிரதியை ஒட்டிவையுங்கள்.